வளாகத்துக்குள் ஒரு வீடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பல்கலைக்கழக வளாகங்களுக்குள் இருக்கும் நினைவு இல்லங்களைக் குடும்பத்தோடு சென்று பார்ப்பது குறித்து வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: எங்களுக்கு ஏழு வயதில் ஒரு மகளும் பதின்மூன்று வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். விடுமுறையில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள பழைய வீட்டைப் பார்க்கத் திட்டமிட்டிருக்கிறோம். நாற்காலி, கட்டில், சட்டம் போட்ட படங்கள் ஆகியவற்றைத் தவிர பிள்ளைகளுக்கு அங்கே என்ன இருக்கிறது? கால் மணி நேரத்திலேயே "போகலாம், போகலாம்" என்று நச்சரிக்கத் தொடங்கிவிடுவார்களோ என்று கவலையாக இருக்கிறது.

நச்சரிக்கத்தான் செய்வார்கள், நீங்கள் அதை ஒரு கண்காட்சியாகச் சுற்றிக் காட்டினால். நான் என் பிள்ளைகளை முதன்முதலில் இப்படியோர் இல்லத்துக்கு அழைத்துச் சென்றபோது, அறை அறையாக இழுத்துக்கொண்டு போய், ஒவ்வோர் அறிவிப்புப் பலகையையும் உரக்கப் படித்துக் காட்டி, பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் மனப்பாடம் செய்யவைக்காத குறையாக நடந்துகொண்டேன். திரும்பி வரும் வழியில் என்ன பிடித்திருந்தது என்று கேட்டதற்கு, புல்வெளியில் ஓடிய அணில் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அதன் பிறகு நான் செய்த மாற்றம் ஒன்றுதான். புதிதாக ஒருவர் வீட்டுக்குப் போனால் பிள்ளைகள் இயல்பாக எதைக் கவனிப்பார்களோ அதையே அங்கும் கவனிக்க விட்டேன். அடுப்பு எங்கே இருந்தது, தண்ணீர் எங்கிருந்து வந்தது, இரவில் வெளிச்சத்துக்கு என்ன செய்தார்கள், பிள்ளைகள் எங்கே படுத்தார்கள், யார் எந்த வாசல் வழியாக வந்தார்கள் என்னும் கேள்விகளுக்கு விடை தேடுவதற்கு ஏழு வயதுப் பிள்ளைக்கு வரலாறு தெரிந்திருக்க வேண்டியதில்லை. வீட்டுக்குச் சொந்தக்காரரின் பெருமை பிறகு தானாக வந்து சேர்ந்துகொள்ளும்.

வாசலிலிருந்தே தொடங்கலாம். சிகாகோ பல்கலைக்கழக வளாகத்தில் ரோபி இல்லம் என்று ஒன்று இருக்கிறது. கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்து 1910-இல் கட்டி முடிக்கப்பட்டது. தெருவிலிருந்து பார்த்தால் நீண்டு படுத்திருக்கும் செங்கல் சுவர்களும், சுவரைத் தாண்டி வெகுதூரம் வெளியே நீண்டிருக்கும் கூரையும், வரிசையான வண்ணக் கண்ணாடிச் சன்னல்களும் தெரியுமே தவிர, முன்வாசல் கண்ணில் படாது. வீட்டைக் கட்டச் சொன்ன ரோபி, உள்ளே இருந்து தெருவைப் பார்க்க வேண்டும், ஆனால் அக்கம்பக்கத்தார் தம் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது என்று விரும்பினாராம். பிள்ளைகளைத் தெருவில் நிறுத்தி, "உள்ளே யாராவது தெரிகிறார்களா, பார்" என்று கேட்டுவிட்டு, பிறகு உள்ளே போய் அதே இடத்தைச் சன்னல் வழியாகப் பார்க்கச் சொன்னால், அந்த வீட்டின் சூட்சுமத்தில் பாதி அவர்களுக்குப் புரிந்துவிடும். 1910-இலேயே மூன்று கார்களை நிறுத்த இடம் வைத்துக் கட்டிய வீடு என்பதைச் சொல்ல மறந்துவிடாதீர்கள்; பதின்மூன்று வயதுக்காரர் அங்கே ஒரு நொடி நின்று கேட்பார்.

அதே ரைட் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்தில் 1937-இல் ஹன்னா தம்பதியருக்குக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குத் தேன்கூட்டு வீடு என்றே பெயர். சதுரத்துக்குப் பதிலாக அறுகோணத்தை அடிப்படையாக வைத்துத் தரைத் திட்டம் போட்டதால், சுவரும் சுவரும் செங்கோணத்தில் சந்திப்பதில்லை. பள்ளியில் வடிவியல் படிக்கும் பையனிடம் "இந்த வீட்டின் மூலைகள் எத்தனை பாகை இருக்கும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு விட்டுவிடுங்கள். உங்கள் மகளுக்கும் அங்கே ஒரு செய்தி உண்டு. அந்தத் தம்பதியருக்கு மூன்று பிள்ளைகள். பிள்ளைகள் வளர்ந்து வெளியேறிய பிறகு அவர்கள் விளையாடிய அறை சாப்பாட்டு அறையாக மாற வேண்டும் என்று தொடக்கத்திலேயே திட்டமிட்டிருந்தார்கள். அவ்வாறே பின்னாளில் மாற்றவும் செய்தார்கள். தன் விளையாட்டு அறை என்னவாகும் என்று அவள் உங்களைக் கேட்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு அலபாமாவில், டஸ்கீஜி பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. அடிமையாகப் பிறந்து, 1881-இல் அந்தக் கல்வி நிறுவனத்தின் முதல் தலைவராகப் பொறுப்பேற்ற புக்கர் டி. வாஷிங்டன் வாழ்ந்த அந்த வீட்டுக்கு 'தி ஓக்ஸ்' என்று பெயர். வரைபடம் தந்தவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் (எம்.ஐ.டி.) பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவரான ராபர்ட் டெய்லர். செங்கல் அறுத்தவர்கள் மாணவர்கள். டஸ்கீஜியில் செங்கல் சுடக் கற்றுக்கொண்டதே ஒரு கதை. முதல் மூன்று சூளைகளும் தோற்றுப்போய், கையில் காசில்லாமல், வாஷிங்டன் தம்மிடமிருந்த ஒரு கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்து நான்காவது சூளையைப் போட்டார் என்று தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். நான்காவது சூளை வெற்றி பெற்றது. கடிகாரத்தை மீட்க வசதி வருவதற்குள் தவணை முடிந்துவிட்டது. இந்தக் கதையைப் போகிற வழியிலேயே சொல்லிவிட்டு, வீட்டின் முன்னால் போய் நின்றதும் சுவரைக் காட்டுங்கள். வெறும் செங்கல் சுவரைப் பிள்ளைகள் அவ்வளவு உற்றுப் பார்த்து நான் கண்டதில்லை.

எல்லா அறைகளையும் பார்த்தாக வேண்டும் என்ற வைராக்கியத்தை விட்டுவிடுங்கள். சமையலறை, பிள்ளைகள் இருந்த அறை, வீட்டுக்காரர் வேலை செய்த அறை ஆகிய மூன்றையும் நிதானமாகப் பார்த்தால் போதும். வளாகத்தில் உள்ள இல்லங்களுக்கே உரிய ஒரு வசதியும் உண்டு: பல இடங்களில் சுற்றிக் காட்டுபவர்கள் அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர்களாக இருப்பார்கள். நீங்கள் பத்து முறை சொல்லியும் காதில் வாங்காத மகன், இருபது வயது அண்ணனோ அக்காவோ சொன்னால் கேட்பான். வழிகாட்டியிடம் கேட்க ஒரு கேள்வியை அவனே முன்கூட்டித் தயார் செய்துகொள்ளட்டும். அந்தக் கேள்வி என்ன என்று நீங்கள் கேட்காதீர்கள்.

கேள்வி: எந்த நாளில் போவது நல்லது? வார இறுதியா, வேலை நாளா?

வீட்டின் நேர அட்டவணையோடு பல்கலைக்கழகத்தின் நாட்காட்டியையும் சேர்த்துப் பார்த்துவிட்டு நாளைக் குறியுங்கள். ஒரு முறை நான் வீட்டின் திறப்பு நேரத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பினேன். அன்று பட்டமளிப்பு விழா. வண்டி நிறுத்த இடம் தேடியே முக்கால் மணி நேரம் போயிற்று. கறுப்பு அங்கிக் கூட்டத்துக்குள் புகுந்து மாமியாரைக் கைப்பிடித்து நடத்தி வாசலை அடைந்தால், விருந்தினர் வரவேற்புக்காக வீட்டை அன்று பார்வையாளர்களுக்கு மூடியிருந்தார்கள். மாமியார் அதை இன்றும் நினைவூட்டிக்கொண்டிருக்கிறார்.

விடுமுறை நாளும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. சாந்திநிகேதனில் விசுவபாரதி பல்கலைக்கழகத்துக்கு வார விடுமுறை புதன்கிழமை. அன்று உபாசனை மண்டபத்தில் வழிபாடு நடக்கும். மற்ற இடங்களைப் போல வேலை நாளாகத்தான் இருக்கும் என்று நம்பிப் புதன்கிழமை போய் இறங்கியவர்கள் எத்தனையோ பேர். ஹன்னா இல்லம் போன்றவற்றை முன்பதிவு செய்துகொண்டு, குறிப்பிட்ட நாட்களில் மட்டுமே பார்க்க முடியும். மாணவர்கள் விடுமுறையில் இருக்கும் காலத்தில் கூட்டமும் நெரிசலும் குறைவு, ஆனால் சில வீடுகள் அப்போது திறப்பு நேரத்தைக் குறைத்துவிடும். கிளம்புவதற்கு முதல் நாள் ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

கேள்வி: பாடம் நடத்த வேண்டிய பல்கலைக்கழகத்துக்கு யாரோ ஒருவருடைய வீடு எதற்கு? அருங்காட்சியகத் துறையிடம் ஒப்படைத்துவிடக் கூடாதா?

பெரும்பாலும் வீட்டைத் தேடிப் பல்கலைக்கழகம் போனதில்லை. வீடு பல்கலைக்கழகத்தைத் தேடி வந்திருக்கிறது. சில இடங்களில் வீடு முதலில் இருந்தது, பல்கலைக்கழகம் அதைச் சுற்றி வளர்ந்தது.

தென் கரோலினாவில் உள்ள கிளெம்சன் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவராக இருந்த ஜான் கால்ஹூனின் ஃபோர்ட் ஹில் என்னும் தோட்ட மாளிகை அவருடைய மருமகன் தாமஸ் கிரீன் கிளெம்சனின் கைக்கு வந்தது. 1888-இல் இறந்த கிளெம்சன், நிலத்தை வேளாண் கல்லூரி தொடங்குவதற்கென்று உயில் எழுதிவைத்தார். அதில் ஒரு நிபந்தனை, மாளிகையை இடிக்கவோ மாற்றவோ கூடாது, பார்வையாளர்களுக்கு எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்பது. ஆக, அந்தப் பல்கலைக்கழகம் பிறக்கும்போதே ஒரு வீட்டைக் காக்கும் கடமையோடுதான் பிறந்தது.

கொல்கத்தாவின் ஜோராசாங்கோ தாகூர் மாளிகையின் கதை வேறு. ரவீந்திரநாத் தாகூர் 1861-இல் பிறந்ததும் 1941-இல் மறைந்ததும் அந்த வீட்டில்தான். அவருடைய நூற்றாண்டையொட்டி அங்கே அருங்காட்சியகம் அமைந்தது. 1962-இல் ரவீந்திர பாரதி பல்கலைக்கழகம் அதே வளாகத்தில் தொடங்கப்பட்டது. அங்கே வீடுதான் பல்கலைக்கழகத்தின் விதை.

பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனீர்களானால் இன்னொன்றைக் கவனிக்கலாம். 1801-இல் கட்டத் தொடங்கிய ஹோம்வுட் இல்லம் வளாகத்தின் உள்ளேயே நிற்கிறது. சிவப்புச் செங்கலும் வெள்ளைத் தூண்களுமான அதன் சாயலில்தான் சுற்றியுள்ள வகுப்பறைக் கட்டடங்களையே வடிவமைத்தார்கள். மகனுடைய திருமணத்துக்குத் தந்தை கொடுத்த பரிசு அந்த வீடு. மகன் செய்த செலவைப் பார்த்துத் தந்தை நொந்துபோனார் என்பது வேறு விஷயம். பின்னாளில் அது பள்ளிக்கூடமாகவும் ஆசிரியர் மன்றமாகவும் அலுவலகமாகவும் இருந்து, 1987-இல்தான் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

இந்த இடைக்காலத்தை நான் குறையாக நினைக்கவில்லை. ஏதோ ஒரு வேலைக்குப் பயன்பட்டதால்தான் பல வீடுகள் பிழைத்தன. ரோபி இல்லத்தையே 1957-இல், அப்போது அதன் உரிமையாளராக இருந்த இறையியல் கல்லூரி, மாணவர் விடுதி கட்டுவதற்காக இடிக்கத் திட்டமிட்டது. தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்த ரைட் தாமே நேரில் வந்து எதிர்ப்புத் தெரிவித்தார். 1963-இல் அது சிகாகோ பல்கலைக்கழகத்தின் வசம் வந்து, நெடுங்காலம் அலுவலகமாக இருந்தது. 2019-இல் ரைட்டின் வேறு சில கட்டடங்களோடு சேர்த்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

தனி அறக்கட்டளையிடமோ அரசுத் துறையிடமோ இருந்தால் இன்னும் நன்றாகப் பராமரிக்கப்படும் என்று வாதிடலாம். சில இடங்களில் அது உண்மையும்கூட. பல்கலைக்கழகத்திடம் இருப்பதில் நான் காணும் நன்மை, வரலாறு, கட்டடக்கலை, தொல்லியல் படிப்பவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள், சொல்லப்படும் கதையைச் சோதித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்பதுதான். வர்ஜீனியாவில் அமெரிக்காவின் ஐந்தாம் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் மன்றோ வாழ்ந்த ஹைலேண்ட் என்னும் இடம், வில்லியம் அண்ட் மேரி பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமானது. வளாகத்துக்கு வெளியே வெகு தொலைவில் இருப்பது. அங்கே நிற்கும் எளிய வீட்டைத்தான் மன்றோவின் இல்லத்தின் எஞ்சிய பகுதி என்று பல்லாண்டுகளாகக் காட்டிவந்தார்கள். மண்ணைத் தோண்டிப் பார்த்தும், உத்தரங்களின் மரவளையங்களை எண்ணிப் பார்த்தும், அது 1818-ஐ ஒட்டிக் கட்டப்பட்ட விருந்தினர் வீடுதான், மன்றோவின் பெரிய வீடு பக்கத்திலேயே இருந்து எரிந்துபோயிற்று என்று 2016-இல் அறிவித்தார்கள். இவ்வளவு காலம் தவறாகச் சொல்லிவந்தோம் என்று ஒரு நினைவு இல்லம் தானே முன்வந்து ஒப்புக்கொள்வது எளிதில் காணக்கூடியதன்று.

கேள்வி: இருநூறு ஆண்டுப் பழைய மாளிகை ஒன்றைப் பார்க்கப் போனோம். வழிகாட்டி அழகான கூடத்தைக் காட்டிய கையோடு, அங்கே அடிமைகளாக வேலை செய்த குடும்பங்களைப் பற்றி விரிவாகப் பேசத் தொடங்கிவிட்டார். "அவங்க ஏன் ஓடிப்போகலை?" என்று என் பத்து வயது மகன் எல்லார் முன்னிலையிலும் கேட்டான், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. குழந்தைகள் வரும் இடத்தில் இதையெல்லாம் பேசத்தான் வேண்டுமா?

பேசத்தான் வேண்டும். உங்கள் மகன் கேட்ட கேள்வியே அதற்குச் சான்று. கூடத்தின் கூரை வேலைப்பாட்டைப் பற்றி அவன் எதுவும் கேட்டதாக நீங்கள் எழுதவில்லை.

சற்று முன் சொன்ன ஹோம்வுட் இல்லத்தையே பாருங்கள். அதை மகனுக்குப் பரிசளித்த சார்லஸ் கேரல், எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று சொல்லும் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். அதே சமயம் மிகப் பெருமளவில் அடிமைகளை வைத்திருந்தவர். அந்த வீட்டில் ராஸ், கானர் என்னும் இரண்டு அடிமைக் குடும்பங்கள் வாழ்ந்ததை ஆவணங்களிலிருந்து தேடி எடுத்து இப்போது பார்வையாளர்களுக்குச் சொல்கிறார்கள். அடுப்பைப் பற்ற வைத்தவர் யார், தண்ணீர் சுமந்தவர் யார், குழந்தையை இரவில் தூக்கிவைத்துக்கொண்டிருந்தவர் யார் என்பதைச் சொல்லாமல் ஒரு வீட்டைக் காட்டினால், அது பாதி வீடுதான்.

மகனுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். சிலர் ஓடிப்போனார்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். ஓடியவர்களைப் பிடித்துத் தந்தால் பரிசு தருவதாக உரிமையாளர்கள் அக்காலச் செய்தித்தாள்களில் விளம்பரம் கொடுத்தார்கள். பிறகு ஓடுவது ஏன் கடினமாக இருந்தது என்பதைச் சொல்லுங்கள். தனியாக ஓடினால் அம்மாவையும் தம்பி தங்கையரையும் விட்டுவிட்டு ஓட வேண்டும். அடிமைமுறை இல்லாத மாநிலத்துக்குப் போய்ச் சேர்ந்தாலும் அங்கிருந்து பிடித்துக்கொண்டு வரச் சட்டம் இடம் கொடுத்தது. பத்து வயதில் இது புரியும். அதற்குமேல் அவன் கேட்டால் "எனக்குத் தெரியவில்லை, வழிகாட்டியிடம் கேட்போம்" என்று சொல்வதில் பெற்றோருக்கு ஒரு குறைவும் இல்லை.

அடிமைமுறை இருந்த நாடுகளுக்கு மட்டும் உரிய கேள்வி அன்று இது. ஜோராசாங்கோ மாளிகையிலும் ஆண்கள் புழங்கிய வெளிவீடும் பெண்கள் அடங்கியிருந்த அந்தப்புரமும் தனித்தனியாக இருந்தன. வெளியே செல்லவும் ஏற்ற வகையில் சேலை உடுத்தும் புதிய பாணியைப் பரப்பியவர் அந்த வீட்டு மருமகள் ஞானதானந்தினி தேவி. தாகூரின் நாற்காலியைப் பார்க்கும் அதே நாளில், எந்தப் படியைத் தாண்டிப் பெண்கள் வர முடியாதிருந்தது என்பதையும் மகளுக்குச் சொல்லலாம்.

கேள்வி: பகலிலேயே திரைகளை இழுத்துவிட்டு இருட்டாக வைத்திருக்கிறார்கள். ஃபிளாஷ் கூடாது, முதுகுப்பை கூடாது, நாற்காலியைத் தொடக் கூடாது. "இவ்வளவு கெடுபிடி எதற்கு, வெறும் நாற்காலிதானே" என்கிறார் என் கணவர். அவர் சொல்வதில் தவறு உண்டா?

உங்கள் கணவர் ஒருவர் மட்டும் தொட்டால் நாற்காலிக்கு ஒன்றும் ஆகாது. அவருக்கு முன்னும் பின்னும் வருகிறவர்கள் எல்லாரும் அதையே நினைத்துத் தொடுவதுதான் சிக்கல். விரலில் இருக்கும் வியர்வை உப்பும் எண்ணெய்ப் பசையும் மரத்தின் மெருகைக் கெடுக்கும். பித்தளையையும் வெள்ளியையும் கறுக்க வைக்கும்.

வெளிச்சத்தின் கதை இதைவிடக் கடுமையானது. துணி, காகிதம், நீர்வண்ண ஓவியம் போன்றவற்றுக்கு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு வெளிச்சமே போதும் என்று பாதுகாப்பு வல்லுநர்கள் வைத்திருக்கிறார்கள். வெளியே நல்ல வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் வரை இருக்கும். வெளிச்சத்தால் சாயம் வெளுப்பது மெல்ல மெல்லச் சேர்ந்துகொண்டே போகும், பிறகு எதைச் செய்தும் மீட்க முடியாது. சாதாரண அருங்காட்சியகத்தில் சன்னலே இல்லாத அறையில், கண்ணாடிப் பேழைக்குள் வைத்துவிடலாம். வீட்டில் பொருள்கள் வாழ்ந்த இடத்திலேயே, சன்னலுக்கு எதிரிலேயே இருக்க வேண்டும் என்பதால் திரையை இழுப்பதைத் தவிர வேறு வழியில்லை. உள்ளே போனதும் இரண்டு நிமிடம் நின்று கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள், இருட்டு பாதி குறைந்துவிடும். முதுகுப்பையைப் பொறுத்தவரை, திரும்பும்போது பின்னால் என்ன இடிபடுகிறது என்று போட்டிருப்பவருக்குத் தெரியாது என்பதுதான் காரணம். குறுகிய படிக்கட்டில் நின்று பார்த்தால் விளங்கும்.

தொட முடியாத வீடு அலுப்பூட்டுகிறது என்றால், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெட்டில்ஸ் யார்டு அவருக்குப் பிடிக்கும். ஜிம் ஈட் என்னும் கலை ஆர்வலர் 1957 முதல் தம் வீட்டைப் பிற்பகல்களில் மாணவர்களுக்குத் திறந்துவைத்தார். 1966-இல் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார். இன்றும் அழைப்பு மணியை அடித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், நாற்காலிகளில் உட்காரலாம். ஓர் ஓவியத்தில் உள்ள மஞ்சள் புள்ளிக்கு இணையாக, ஒரு தட்டில் எலுமிச்சம்பழம் ஒன்றை எப்போதும் வைத்திருப்பார்கள், வாடியதும் மாற்றுவார்கள். ஆனாலும் அங்கேயும் எலுமிச்சையை எடுக்கக் கூடாது. கணவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள்.

கேள்வி: காட்சிக்கு வைத்திருப்பவை எல்லாம் அசல் பொருள்கள்தானா?

எல்லாம் அல்ல. ஒரு நினைவு இல்லத்தில் பொதுவாக மூன்று வகைப் பொருள்கள் கலந்திருக்கும்: அந்தக் குடும்பம் பயன்படுத்தியவை, அதே காலத்தைச் சேர்ந்த வேறு வீட்டுப் பொருள்கள், புதிதாகச் செய்த மாதிரிகள். எது எந்த வகை என்று கேட்டால் நல்ல வழிகாட்டி தயங்காமல் சொல்வார். பட்டியலில் கடைசி வகையைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம். சாந்திநிகேதன் ரவீந்திர பவன் அருங்காட்சியகத்திலிருந்து தாகூரின் நோபல் பதக்கம் 2004 மார்ச்சில் திருடுபோயிற்று. பின்பு நோபல் அறக்கட்டளை அதன் மாதிரிகளைத் தந்தது. அங்கே மாதிரியின் முன்னால் நின்று திருட்டுக் கதையைக் கேட்ட பிள்ளை, பதக்கத்தை மறந்தாலும் கதையை மறக்காது.

கேள்வி: என் அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது, மூட்டு வலி. பழைய வீடுகளில் லிஃப்ட் இருக்காது என்கிறார்கள். அவரை விட்டுவிட்டுப் போக மனம் இல்லை.

விட்டுவிட்டுப் போக வேண்டாம். ஆனால் போவதற்கு முன் சில விவரங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாசலில் எத்தனை படி, சாய்வுத் தளம் உண்டா, கீழ்த்தளத்தில் எத்தனை அறைகளைப் பார்க்கலாம், சக்கர நாற்காலி அவர்களிடமே கிடைக்குமா, வழிகாட்டியோடு சுற்றும்போது நடுவில் உட்கார இடம் உண்டா என்பவை அவை. காட்சிப் பொருளாக உள்ள நாற்காலியில் உட்கார முடியாதென்பதால் கடைசிக் கேள்வி மிக முக்கியம். வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து வீட்டுக்கு எவ்வளவு தூரம் என்பதையும் கேளுங்கள். பல்கலைக்கழக வளாகங்களில் வீட்டைவிட அந்த நடைதான் முதியவர்களைக் களைக்க வைக்கும்.

பல இடங்களில் மேல்தளத்தின் படங்களையோ காணொளியையோ கீழே வைத்திருப்பார்கள். அது உண்டென்றால் அம்மாவைக் கீழே தனியாக உட்காரவைத்துவிட்டு எல்லாரும் மேலே ஓடிவிடாமல், ஒருவர் அவரோடு இருங்கள். சமையலறையில் அவரைப் பேச விடுங்கள். அந்த அடுப்பையும் ஆட்டுக்கல்லையும் ஒத்த எதையேனும் கையாண்ட அனுபவம் உங்கள் குடும்பத்திலேயே அவர் ஒருவருக்குத்தான் இருக்கும். வழிகாட்டியே நின்று கேட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

சாந்திநிகேதன் உத்தராயண வளாகத்தில் தாகூர் அடுத்தடுத்து வாழ்ந்த உதயன், கோணார்க், சியாமளி, புனஸ்ச, உதீசி என்னும் ஐந்து வீடுகளும் ஒரே தோட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன. 1935-இல் கூரை உட்பட மண்ணால் கட்டிய சியாமளியின் வெளிச்சுவரில் உள்ள புடைப்புச் சிற்பங்களைப் பார்க்கப் படியேற வேண்டியதே இல்லை. முதியவர்களோடு போகிறவர்கள் இத்தகைய இடத்தை முதலில் தேர்ந்தெடுக்கலாம்.

கேள்வி: இரண்டு குடும்பமாகப் பதினோரு பேர் போகிறோம். ஒன்றாகவே சுற்றலாமா?

இரண்டாகப் பிரிந்து போங்கள். பழைய வீட்டு அறைகள் பதினோரு பேர் நிற்பதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் என்று வரையறை வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. பிள்ளைகளைக் குடும்பம் மாற்றி அனுப்பினால் இன்னும் நல்லது. சித்தப்பாவோடு போகும் பிள்ளை அப்பாவிடம் கேட்காததையும் கேட்கும்.

கேள்வி: நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே போனால், என் மகள் எழுதும் அறை ஒன்றிலேயே அரை மணி நேரம் நின்றுவிட்டாள். மீதி அறைகளைப் பார்க்காமலே நேரம் முடிந்துவிட்டது. அவளைக் கடிந்துகொண்டேன். பணம் வீண்தானே?

வீண் இல்லை, கடிந்துகொண்டதுதான் வீண். மிசிசிப்பி பல்கலைக்கழகம் பராமரிக்கும் ரோவன் ஓக் என்னும் வீட்டில் எழுத்தாளர் வில்லியம் ஃபாக்னர் 1930 முதல் வாழ்ந்தார். தாம் எழுதிக்கொண்டிருந்த ஒரு நாவலின் நிகழ்ச்சிகளை நாள் வாரியாகப் பிரித்து, வேலை செய்யும் அறையின் சுவரிலேயே கையால் எழுதிவைத்தார். அந்த எழுத்து இன்றும் சுவரில் இருக்கிறது. வீடு முழுவதையும் பத்து நிமிடத்தில் சுற்றிவிட்டு வெளியே வருகிறவர்களும் அங்கே உண்டு, அந்த ஒரு சுவருக்கு முன்னால் நின்று வரி வரியாகப் படிக்க முயல்கிறவர்களும் உண்டு. உங்கள் மகள் இரண்டாம் வகை. மறுபடி போகும்போது அவளுக்கு எழுத ஒரு குறிப்பேடும் பென்சிலும் கொடுத்து அனுப்புங்கள். பேனாவைப் பல இடங்களில் அனுமதிக்க மாட்டார்கள்.